பாயிண்ட் 22 ரைபிளுக்கு வீட்டிலேயே மரக்கட்டை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்தில் இருந்துகொண்டு என் லைசென்ஸ் ரைபிளுக்கு இரண்டு கட்டையும், மகளின் ஏர் ரைபிளுக்கு ஒரு கட்டையும் செய்திருக்கிறேன். அதில் ஒன்று வீணாய்ப் போனது, அந்தக் கதையும் கீழே இருக்கிறது. துப்பாக்கி சுடும் ரேஞ்சிலும் வீட்டிலும் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டை என்று நான் சொல்வது முழு ஸ்டாக். தோளில் வைக்கும் பின்பாகத்தை மட்டும் பட் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். வீட்டில் இதைச் செய்யலாமா?

இதற்குப் பதில் தெரியாமல் உளியைத் தொடாதீர்கள். ஆயுதச் சட்டம், 1959, ஆயுதம் என்று சொல்லும்போது அதன் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. துப்பாக்கி தயாரிக்க, மாற்றியமைக்க, பழுதுபார்க்க உரிமம் வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. மரம் வெறும் மரம்தானே என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். நான் என் லைசென்ஸ் நகலை இணைத்து, இன்ன ரைபிள், இன்ன எண், மரக்கட்டையை மட்டும் மாற்றுகிறேன், இரும்புப் பாகம் எதையும் தொடமாட்டேன் என்று நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் ஆரம்பித்தேன். நடையாய் நடந்தேன் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தாள் கோப்பில் இருப்பதால் இன்று நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பேரல் என்கிற குழலின் நீளத்தைக் குறைப்பது, டிரிகரை நோண்டுவது, தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டை அரம் போட்டு ராவுவது எல்லாம் இந்தப் பக்கத்தில் கிடையாது. உரிமம் இல்லாமல் பேரலைக் குறைப்பதைச் சட்டம் 6ஆம் பிரிவில் தனியாகவே தடுக்கிறது. இரும்பில் ஏதாவது வேலை இருந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும்.

என்னிடம் லைசென்ஸ் இல்லை. ஆனால் கட்டை செய்து பழக ஆசை. வழி உண்டா?

உண்டு, ஏர் ரைபிளில் ஆரம்பியுங்கள். .177 அதாவது 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்று கேட்பார், கொடுத்துவிடுங்கள். மர வேலை கிட்டத்தட்ட ஒன்றேதான். என் மகளுக்குச் செய்ததுதான் எனக்கு நல்ல பாடமாக இருந்தது. ஒரு சின்ன வித்தியாசம், ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு பக்கமும் உதறும், அதனால் ஸ்க்ரூ சீக்கிரம் தளரும்.

ரிம்ஃபயர் என்றால் என்ன? பெரிய ரைபிளை விட இதற்குக் கட்டை செய்வது எளிதா?

தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கிறதே, அந்த விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து இருக்கும், ரைபிளின் ஊசி அந்த ஓரத்தில் அடிக்கும், அதனால் அந்தப் பெயர். சாதாரண பாயிண்ட் 22 தோட்டாவின் ஈயம் 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். உதைப்பு மிகக் குறைவு. பெரிய ரைபிளின் கட்டை ஒவ்வொரு முறை சுடும்போதும் சம்மட்டி அடி போல வாங்கும், இதற்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆகவே நம் ஊர் மரம் தாராளமாகத் தாங்கும். ஆனால் எளிது என்று சொல்லமாட்டேன். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர்தான், நம் சட்டைப் பொத்தான் அளவு. மரம் ஒரு இழை நகர்ந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

கம்பெனிக் கட்டையே இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு?

கம்பெனி ஒரு சராசரி ஆளுக்கு அளவெடுத்துச் செய்கிறது, நீங்கள் அந்த ஆள் இல்லை. என் கழுத்து நீளம். பழைய கட்டையில் கன்னத்தை வைத்தால் கண், குறிபார்க்கும் சைட்டின் துவாரத்துக்குக் கீழே நிற்கும், நிமிர்த்தினால் கன்னம் மரத்தை விட்டு எழும்பிவிடும். பத்து நிமிடம் படுத்துச் சுட்டால் பிடரி வலி. மகளுக்கோ எதிர்ப்பக்கம் பிரச்சினை, பட் நீளமாக இருந்ததால் இடுப்பைப் பின்னால் வளைத்து ரைபிளைத் தாங்கிக்கொண்டிருந்தாள். இளவேனில் வாலறிவன் போன்ற துப்பாக்கி சுடும் வீராங்கனைகள் சுடுவதைப் படத்தில் பாருங்கள், ரைபிள் அவர்கள் உடம்போடு சேர்ந்து ஓர் எலும்பு மாதிரி இருக்கும். அந்தப் பொருத்தம் கடையில் கிடைக்காது. போட்டி ரைபிள்களில் எல்லாவற்றையும் ஸ்க்ரூ வைத்து ஏற்றி இறக்கலாம்தான், அந்த விலைக்கு வழியில்லாதவர்களுக்கு மரமும் உளியும் இருக்கிறது.

எந்த மரம் நல்லது?

உலகம் முழுக்கப் பெயர் பெற்றது வால்நட்தான். இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம்.

என் முதல் தேர்வு தேக்கு, அதுவும் பழைய வீட்டு உத்தரம், கதவு நிலை என்று இடித்த இடத்தில் கிடைக்கிற தேக்கு. மழையிலும் வெயிலிலும் இவ்வளவு குறைவாக அசைகிற மரம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேறில்லை. இரண்டு குறை உண்டு. மரத்துக்குள் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மொட்டையாகும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லுக்குப் போக வேண்டி வரும். இன்னொன்று அதன் எண்ணெய்ப் பசை, எபாக்சிப் பசை ஒட்டாமல் உரிந்து வரும், ஒட்டும் முன் அசிட்டோன் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

அயனி எங்கள் பக்கத்துக்கே உரிய மரம். வள்ளம் செய்கிறவர்கள், கதவு செய்கிறவர்கள் எல்லாரும் அதை நம்புகிறார்கள், கறையான் கிட்டே வராது, தேக்கை விட எடை சற்றுக் குறைவு. என் இரண்டாவது கட்டை அயனிதான், இன்றும் அதில்தான் சுடுகிறேன். பலா மஞ்சளாக ஆரம்பித்து வருடங்கள் போகப் போகத் தேன் நிறமாகும், வீணை செய்கிற மரம், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் முழுதாகக் காய்ந்திருந்தால் மட்டும். பூவரசு கெட்டி, வளையாமல் நேராக இரண்டரை அடி கிடைத்தால் அதிர்ஷ்டம். மகாகனி உளிக்கு இதம், அடிபட்டால் குழி விழும்.

ரப்பர் மரத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், குலசேகரம் பக்கம் திரும்பின இடமெல்லாம் அதுதானே. வெட்டிய சில நாளிலேயே மருந்தேற்றி உலர்த்தாவிட்டால் நீலம் பாயும், துளைப்பூச்சி ஏறும். மருந்தேற்றிய முழுப்பலகை கிடைத்தால் ஏர் ரைபிளுக்குப் போதும். சிறு துண்டுகளைப் பல்லுப்பல்லாக ஒட்டிய பலகை மட்டும் வேண்டாம், அந்த இணைப்பு சரியாகப் பிடியின் கழுத்தில் வந்து உட்கார்ந்தால் அங்கேதான் முறியும். தென்னை சிராய் சிராயாகப் பிரியும், விட்டுவிடுங்கள். ஈட்டி மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச்சட்டமே போட்டார்கள், எடையும் அதிகம். தாத்தா காலத்துக் கட்டில் கால் உடைந்து கிடந்தால் பட் நுனிக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள், அது போதும்.

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

என் பலாக் கட்டை போன கதை இதுதான். கிணற்றடிப் பலா காற்றில் விழுந்தது, தடிமில்லில், அதாவது மரம் அறுக்கும் மில்லில், கொடுத்து இரண்டங்குலப் பலகையாக அறுத்து, ஏழு மாதம் விறகுப்புரையில் சாத்தி வைத்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். பங்குனியில் ரைபிளைப் பொருத்தினேன், அழகாக உட்கார்ந்தது. ஆனியில் மழை பிடித்தது. இரண்டு வாரம் கழித்து ரேஞ்சுக்குப் போனால் எல்லாக் குண்டும் வலப்பக்கம் ஒதுங்கி விழுகிறது. சைட்டைத் திருப்பினேன், அடுத்த வாரம் இன்னும் வலப்பக்கம். வீட்டில் வந்து பார்த்தால் கட்டையின் முன்பாகம் முறுக்கிக்கொண்டு இடப்பக்கச் சுவர் பேரலை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஐந்து மாத வேலை.

அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது எங்கள் தெரு ஆசாரி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மக்களே, தடிக்கு ஒரு மழை காட்டணும்." தடி என்றால் எங்கள் பக்கத்தில் மரம். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. இரண்டையும் பார்த்த பிறகும் மரம் நேராக நின்றால்தான் நம்பலாம்.

நான் இப்போது செய்வது இது. பலகையின் இரு முனையிலும் உருக்கிய மெழுகைப் பூசுவேன், முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடி வெடிப்பு விழும். இடையில் ரீப்பர் வைத்து, நிழலில், காற்றோடும் இடத்தில் அடுக்குவேன். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. வாரம் ஒருமுறை தராசில் எடை போட்டுப் பலகை மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்று, மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கி அதே இடத்தில் ஊசலாடினால் மரம் நம் ஊர்க் காற்றோடு ஒத்துப் போய்விட்டது என்று அர்த்தம். பழைய உத்தரம் என்றால் இந்தக் காத்திருப்பே இல்லை, ஆணி இருக்கிறதா என்று மட்டும் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள்.

பலகை எவ்வளவு பெரிதாக வேண்டும்? மரத்தின் ரேகை எப்படி ஓட வேண்டும்?

80 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 5 கனம் இருந்தால் தாராளம். தேக்கில் இது ஐந்து கிலோவுக்கு மேல் வரும், செதுக்கி முடித்தால் கையில் மிஞ்சுவது ஒரு கிலோ சொச்சம்தான்.

ரேகைதான் உயிர். கட்டையில் மிக மெல்லிய இடம் கை பிடிக்கும் கழுத்து. அந்த இடத்தில் ரேகை கழுத்தோடு சேர்ந்து நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் ரைபிள் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே இரண்டாகும். அழகான சுழி, கணுவோட்டம் இருந்தால் அதைப் பட் பக்கம் தள்ளுங்கள், முன்பாகம் நேர் ரேகையாக இருக்கட்டும். அட்டையில் கட்டையின் வடிவத்தை வெட்டிப் பலகை மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள், ஓரத்து வெள்ளை வேண்டாம்.

என் உடம்புக்கு அளவு எடுப்பது எப்படி?

முழங்கையை எல் மாதிரி மடக்கி, பட் முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணுப்பகுதி டிரிகரில் படிய வேண்டும். வளர்ந்த ஆளுக்கு 34 சென்டிமீட்டரை ஒட்டி வரும், மகளுக்கு 31 வைத்தேன், வளர வளர இடையில் சேர்க்க மரத் தகடு மூன்று செய்து வைத்திருக்கிறேன். கன்னம் வைக்கும் உயரத்துக்குப் பழைய கட்டையிலேயே அட்டையும் டேப்பும் சுற்றி ஏற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வையுங்கள், கழுத்தை உறுத்தாமல் கன்னம் தானாக எங்கே படிகிறதோ அங்கே விட்டு, கண்ணைத் திறங்கள். சைட் நேராகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அட்டையைக் கூட்டுங்கள், குறையுங்கள், தலையை நகர்த்தாதீர்கள். படுத்துச் சுடுகிறவர் படுத்தே பார்க்க வேண்டும், நின்று எடுத்த அளவு படுத்தால் பொருந்தாது. ரைபிள் காலியாக, போல்ட் வெளியே இருக்கிறது என்பதை இன்னொருவரும் பார்த்து உறுதி சொன்ன பிறகே இதெல்லாம். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

ஆசாரியிடம் கொடுத்துச் செய்து வாங்கலாமா?

மர வேலையைக் கொடுக்கலாம், ரைபிளைக் கொடுக்கக் கூடாது. ஒரு இரவு கூட அது உங்கள் பொறுப்பை விட்டு வெளியே தங்கக் கூடாது, லைசென்ஸ் உங்கள் பெயரில். நான் ரைபிளின் இரும்பு உடலை, அதாவது போல்ட் ஓடும் நடுப்பகுதியை, வெர்னியரில் அளந்து, ஒரு மகாகனித் துண்டில் அதே அளவில் டம்மி செய்து கொடுத்தேன். பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலையைச் செய்த கை மரபு இன்னும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது, நல்ல ஆசாரி டம்மியைப் பார்த்தே பாதிக் குழியை அடித்துத் தருவார். கடைசி இழை மட்டும் உண்மையான இரும்பை வைத்து நீங்கள் வீட்டில் முடிக்க வேண்டும்.

என்னென்ன கருவி வேண்டும்?

கால், அரை, முக்கால் அங்குல உளி, வளைந்த வாய் உளி ஒன்று, கொட்டாப்புளி, இழைப்புளி, முரட்டு அரம், மென் அரம், இரண்டு சி கிளாம்ப், டிரில், உப்புத்தாள். மேசையோடு பூட்டிய ஒரு வைஸ் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரும்பு உட்காரும் குழி முடிந்த பின், வெளிக்கோட்டை மட்டும் மில்லில் பேண்ட்சாவில் அறுத்து வாங்கிவிடுங்கள். முகக்கவசம் கட்டாயம், தேக்குத் தூள் சிலருக்கு மூச்சைப் பிடிக்கும்.

இரும்பு உட்காரக் குழி எடுப்பதுதான் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது, அவசரப்படாமல் இருப்பீர்கள். வெளி வடிவத்தைச் செதுக்கும் முன்பே, பலகை சதுரமாக இருக்கும்போதே குழியை முடித்துவிடுங்கள், பிறகு கிளாம்ப் பிடிக்க இடம் கிடைக்காது. நடுக்கோட்டைக் கத்தி முனையால் கீறுங்கள், பென்சில் கோடு தடிமன். ஸ்க்ரூ ஓட்டைகளை டிரில் ஸ்டாண்டில் செங்குத்தாகப் போட்டு, அங்கிருந்து இரு பக்கமும் போங்கள்.

அப்புறம் மசி வேலை. விளக்குக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, இரும்பின் அடியில் விரலால் மெலிதாகத் தடவுங்கள். குழியில் நேராக இறக்கி, கொட்டாப்புளியின் கைப்பிடியால் மெல்ல ஒரு தட்டு, நேராகத் தூக்குங்கள். எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அந்தப் புள்ளியை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும், வெட்டக் கூடாது. முதல் நாள் மூன்றே மூன்று புள்ளிதான் கறுக்கும். சுரண்டி, மறுபடி மசி, மறுபடி இறக்கு. நாற்பது, ஐம்பது தடவைக்குப் பிறகு ஒரு மாலை, தூக்கிப் பார்த்தால் குழியின் தரை முழுக்க எறும்பு ஊர்ந்தது போலப் பொடிப்பொடியாகக் கறுப்பு பரவியிருக்கும், அன்றைக்கு இரும்பை இறக்கும்போது காற்று வெளியேறும் 'புஸ்' சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் மறுபடியும் ஒரு கட்டை செய்வேன்.

பேரல் மரத்தைத் தொடலாமா?

ரைபிளின் இரும்பு உடல் மரத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், பேரல் தொடவே கூடாது. உடலுக்கு முன்னால் சாதாரண எழுதும் தாளை இரண்டாக மடித்து, பேரலுக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டால் நுனி வரை தடையில்லாமல் ஓட வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு நான் இன்னும் கொஞ்சம் தாராளமாக, ஒன்றரை மில்லிமீட்டர் விடுகிறேன். சில பழைய ரைபிள்களில் பேரலின் நடுவிலேயே ஒரு ஸ்க்ரூ இருக்கும், அவற்றை அந்த இடத்தில் மட்டும் தாங்கலோடு விட்டுவிடுங்கள்.

எபாக்சி ஊற்றி உட்கார வைக்க வேண்டுமா?

மசி வேலை சுத்தமாக வந்தால் கட்டாயம் இல்லை. ஆனால் மழை மாவட்டத்தில் நான் ஊற்றச் சொல்லுவேன். ஸ்க்ரூ போகும் இரு ஓட்டையிலும் அலுமினியக் குழாய்த் துண்டு வைத்து, உடல் உட்காரும் இடத்தில் மெல்லிய எபாக்சி. இரும்பு முழுக்க மெழுகு பாலிஷ் இரண்டு தரம் தடவி, ஓட்டை, பள்ளம், காடி எல்லாவற்றையும் களிமண்ணால் அடையுங்கள். ஒரு பள்ளத்தை மறந்தாலும் எபாக்சி அதற்குள் போய்க் கெட்டியாகி, இரும்பும் மரமும் பிரியாது, கட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்குவது?

கையேடு இருந்தால் அதில் உள்ளதுதான் முடிவு. இல்லாவிட்டால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 2 நியூட்டன் மீட்டரில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக 3 வரை ஏற்றி, எந்த இடத்தில் குண்டுகள் கூடி விழுகின்றன என்று பாருங்கள். அந்த எண்ணைக் கட்டையின் உட்பக்கம் எழுதி வையுங்கள். வெறும் மரத்தில் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் மரம் நசுங்கும், அடுத்த வாரம் தானாகத் தளரும்.

மேலே என்ன பூசுவது? தேங்காயெண்ணெய் போதுமா?

தேங்காயெண்ணெய் காயவே காயாது, சிக்கு வாடைதான் மிஞ்சும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்தான் நல்லது. முதல் பூச்சில் சம அளவு டர்பன்டைன் கலந்து, பிறகு வெறும் எண்ணெய், உள்ளங்கையால் சூடு ஏறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள். எட்டுப் பூச்சு போட்டேன். குழியின் உட்பக்கம், பட் தகட்டின் அடி, ஸ்க்ரூ ஓட்டை, இங்கெல்லாம் மறக்காமல் வார்னிஷாவது அடித்து மூடுங்கள், ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். 2024 மக்களவைத் தேர்தலுக்காக ரைபிளைப் பழைய கட்டையோடு ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த வாரங்களில்தான் என் அயனிக் கட்டைக்கு எண்ணெய் வேலை நடந்தது, அவசரப்படுத்த ஆளில்லை, அதனாலேயே நன்றாக வந்தது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்குங்கள்.

முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாமா என்று கேட்டவர்களுக்கு: வள்ளத்துக்குச் சரி, கன்னம் படும் மரத்துக்கு வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும்.

பிடியில் கட்டம் கட்டமாகக் கோடு போடுவது அவசியமா?

இல்லை. வியர்த்த கைக்குப் பிடிப்பு தரும், அவ்வளவுதான். பழகாத கையில் கோடு ஓடிப்போனால் கட்டையே அசிங்கமாகும். உப்புத்தாளில் 220 எண் தாளுக்கு மேல் போகாமல் பிடியை மட்டும் லேசான சொரசொரப்போடு விட்டாலும் போதும்.

எல்லாம் முடிந்தும் மழைக்கு மழை குறி நகர்கிறதே?

முதலில் தாளை ஓட்டிப் பாருங்கள். தாள் எங்கே நிற்கிறதோ அங்கே மரம் பேரலைத் தொடுகிறது, ஒரு குச்சியில் உப்புத்தாள் சுற்றி அந்த இடத்தைத் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு உடனே எண்ணெய் பூசுங்கள். தாள் ஓடுகிறது என்றால் ஸ்க்ரூவைப் பாருங்கள், எழுதி வைத்த எண்ணில் இருக்கிறதா என்று. அதுவும் சரியென்றால் தோட்டாவை மாற்றினீர்களா என்று யோசியுங்கள், ஒரே ரைபிள் வேறு வேறு பெட்டித் தோட்டாவுக்கு வேறு வேறு இடத்தில் குண்டைப் போடும். நான் ஆனியிலும் ஐப்பசியிலும் முதல் மழை விழுந்த வாரம் தாளை ஓட்டிப் பார்க்கிறேன். போன ஐப்பசியில் நுனி வரை ஓடியது.